பழைய வீடியோ கேம்களை எமுலேட்டரில் விளையாடுவது நல்லதா, அசல் மெஷினிலேயே விளையாடுவது நல்லதா?

எமுலேட்டர்தான் (பழைய கேம் மெஷினைப் போலக் கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள்) என்பது என் பதில். ஆனால் திருகோணமலையில் வளர்ந்த எனக்கு உங்கள் கேள்வியில் அந்த 'அசல்' என்ற சொல்தான் இடிக்கிறது.

நின்டென்டோவின் ஃபமிகொம் என்ற கேம் மெஷின் 1983 இல் ஜப்பானில் வந்தது. அதை நான் கண்ணாலும் கண்டதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மாமா சவூதியில் இருந்து கொண்டுவந்த 'ரிவி கேம்', அதைப் பார்த்துச் செய்த கொப்பி. கசற்றில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே முப்பது கேம் தேறாது, மிச்சமெல்லாம் அதே மரியோ வேறு ஸ்டேஜில் தொடங்கும். எங்கட அசலே கள்ளச் சரக்கு.

பல வருடம் கழித்து லப்டொப்பில் மரியோவைத் திறந்தேன். முதல் குழியிலேயே விழுந்து செத்தேன். ஓட்டம் கெதியாக இருந்தது, பாட்டும் அவசரப்பட்டது. எமுலேட்டர்தான் பிழை என்று நினைத்தேன். இல்லை. ஜப்பான், அமெரிக்க மெஷின்கள் விநாடிக்கு 60 படம் காட்டுபவை. இலங்கையில் PAL என்ற ரிவி முறை, 50 படம். கேம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 க்கு எழுதியதை 50 இல் ஓட்டினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். சின்ன வயது முழுக்க நான் விளையாடியது நடை தளர்ந்த மரியோவை!

சத்தத்திலும் ஒரு கூத்து உண்டு. ஃபமிகொமில் மெட்டு வாசிக்கச் சதுர அலை எழுப்பும் இரண்டு வழிகள் இருக்கின்றன. அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் அதன் அகலம், குரல் அதைப் பொறுத்தது. பல கொப்பி மெஷின்களின் சிப்பில் 25 வீத அகலமும் 50 வீத அகலமும் இடம் மாறிக் கிடந்தன. மெட்டு அதேதான், குரல் வேறு. நாதஸ்வரத்தில் கேட்ட பாட்டைக் கிளாரினெட்டில் கேட்கிற மாதிரி.

மெசன் என்ற எமுலேட்டரில் இரண்டுக்கும் செற்றிங் இருக்கிறது. பிராந்தியத்தை 'டென்டி' என்று மாற்றினால் 50 படம். (டென்டி 1992 இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த இதே சாதிக் கொப்பி.) சதுர அலையை இடம் மாற்ற இன்னொரு பெட்டியில் சரி போட வேண்டும். கொப்பியின் பிழையையும் விடாமல் கொப்பி பண்ணி வைத்திருக்கிறார்கள், நல்லா இருக்கட்டும். போட்டுக் கேட்டபோது எங்கட பழைய வீட்டு விறாந்தை அப்படியே வந்தது.

மெஷினை வைத்திருப்பதும் இங்கே லேசில்லை. கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. உப்புக் காற்றில் கசற்றின் உலோகப் பற்கள் கறுத்துப்போகும். நாங்கள் வாயால் ஊதுவோம், எச்சில் ஈரம் பட்டு அது இன்னும் கெடும். அழிறப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டு ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைப்பதுதான் சரி.

எமுலேட்டர் எனக்குத் தோற்ற ஒரே இடம் வாத்துச் சுடுகிற கேம். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுக்கும், அடுத்த கணம் வாத்து நின்ற இடத்தில் வெள்ளைப் பெட்டி வரும். துவக்கின் மூக்கில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். எல்ஈடி ரிவி படத்தைக் கொஞ்சம் பிந்திக் காட்டுவதால் கண் பார்க்கும் நேரத்தில் பெட்டி அங்கே இருக்காது. எமுலேட்டரில் மவுஸால் சுடலாம். அது சுடுவதா? பழைய மெஷினை எல்ஈடியில் கொழுவி மருமகனிடம் கொடுத்தேன். பத்துத் தரம் சுட்டான், வாத்துத் தப்பினால் சிரிக்கிற அந்தக் கேம் நாய் பத்துத் தரமும் சிரித்தது.

"மாமா, துவக்கு பழுது."

"துவக்கு நல்லம்தான்டா, ரிவிதான் புதுசு."

அந்தத் துவக்கை அந்த நாளில் அம்மா அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி இருந்த காலம். பிளாஸ்டிக் என்றாலும் வாசல் தாண்டக் கூடாது, விளையாடும்போது யன்னலும் சாத்தியிருக்க வேண்டும்.

போன மாதம் பக்கத்து வீட்டில் 14 இஞ்சிப் படக்குழாய் ரிவி ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். காலையில்தான் பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனாராம். திருகோணமலைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் போட்டுவிடாதீர்கள், கொமென்ற்றில் சொல்லுங்கள். வந்து தூக்குகிறேன்.