மருத்துவர் பதில்: ராத்திரி வதக்கிய மசாலா, மத்தியானம் தின்ற எக் ரோல்

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களுக்கு மன்னார்குடி பக்கத்துக் கிராமம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10. டியூஷன் முடிந்து வரும்போது வண்டிக்கடையில் எக் ரோல் வாங்கித் தின்று பழகிவிட்டார்கள். கடை எண்ணெய் வேண்டாமே என்று நானே செய்யப் பார்த்தேன். முதல் நாள் ராத்திரியே முட்டை, கோஸ், உருளைக்கிழங்கு போட்டு மசாலா வதக்கி, அடுப்பு மேடையிலேயே மூடி வைத்தேன். காலையில் மைதா சப்பாத்தி போட்டு, பச்சை முட்டையை மிக்சியில் அடித்து மயோனைஸ் செய்து தடவி, சுருட்டி டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்பினேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மணிக்கெல்லாம் இரண்டு பேருக்கும் வாந்தி. காய்ச்சல் இல்லை. மறுநாள் சரியாகிவிட்டது. அப்போது என் விரலில் அரிவாள்மனை வெட்டு ஒன்று சீழ் வைத்திருந்தது, துணி சுற்றித்தான் சமைத்தேன். ‘பங்குனி வெயிலில் முட்டை கொடுத்தால் சூடு, இப்படித்தான் ஆகும்’ என்கிறார் மாமியார். என் கையாலேயே பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்துவிட்டேனே என்று மனது ஆறவில்லை. இனி வீட்டில் செய்யலாமா? கணவருக்கு 46 வயது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் ரோல் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: செய்யலாம், சகோதரி. தாராளமாகச் செய்யுங்கள். கணவருக்கும் கொடுக்கலாம், கொஞ்சம் கணக்குப் பார்த்து. கடை எண்ணெயிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்துத்தான் ராத்திரி அடுப்படியில் நின்றீர்கள். நடந்த தவறு உங்கள் எண்ணத்தில் இல்லை. மசாலா எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்பதில்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் நேரங்கள் எனக்குப் பெரிய உதவி. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு வாந்தி. நடுவில் இரண்டரை மணி நேரம்தான். முட்டை என்றதும் எல்லோரும் பயப்படும் சால்மோனெல்லா கிருமி இவ்வளவு சீக்கிரம் வேலையைக் காட்டாது. அது வயிற்றுக்குள் போய்ப் பெருகிய பிறகுதான் நோயைத் தரும். அதற்குக் குறைந்தது 6 மணி நேரம், சில சமயம் 6 நாள் வரைகூட ஆகும். வரும்போது காய்ச்சல், வயிற்றை முறுக்கும் வலி, பேதி எல்லாம் சேர்ந்து வரும். காய்ச்சலே இல்லாமல் சாப்பிட்ட சில மணி நேரத்தில் குபீரென்று வாந்தி வந்து, ஒரே நாளில் அடங்கிவிட்டால், கிருமி ஏற்கெனவே சாப்பாட்டில் விட்டுவைத்த நஞ்சைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அந்த நஞ்சைச் செய்வதில் முதன்மையானது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் இது சாதாரணமாகக் குடியிருக்கிறது. சீழ் பிடித்த காயம் என்றால் கேட்கவே வேண்டாம், பெரும்பாலும் அதில் இருப்பதே இதுதான். துணியைத் தாண்டி விரலிலிருந்து, வதக்கி இறக்கிய மசாலாவுக்கு வர இதற்குத் தடை ஏதும் இல்லை. வதக்கிய முட்டையும் உருளைக்கிழங்கும் இதற்கு நல்ல தீனி. ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில், பிறகு காலையிலிருந்து மூடிய டிபன் பாக்ஸில் என்று பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அது வெதுவெதுப்பில் இருந்திருக்கிறது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் பெருகும். நம் பக்கத்துப் பங்குனி ராத்திரி அதற்கு வேண்டிய சூட்டைத் தானாகவே கொடுத்துவிடும்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இதில் உண்டு. மசாலாவைக் காலையில் நன்றாகச் சூடு பண்ணியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. கிருமி செத்திருக்கும், அது விட்ட நஞ்சு சாகாது. கொதிக்க வைத்தாலும் தாங்கும் நஞ்சு அது. ‘திரும்பச் சுட வைத்தால் சரியாகிவிடும்’ என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெளியே கிடந்த முட்டை, கறி, மீன் எதற்கும் அதை நம்பாதீர்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். டெல்டாவில் வருஷத்தில் பாதி நாள் அப்படித்தானே.

மயோனைஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்றைய வாந்திக்கு அது காரணமாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் அடுத்த முறை ஆகிவிடலாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது நினைவிருக்கும். அந்தத் தடை கடைக்காரர்களுக்கு. உங்கள் மிக்சிக்கு அரசு வந்து தடை போடாது, நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு வடித்து, பூண்டு, மிளகு, புதினா தட்டிப் போட்டுக் கலக்குங்கள். என் வீட்டில் பிள்ளைகள் மயோனைஸை மறந்ததே இதனால்தான்.

இப்போது ரோலுக்கு வருகிறேன். கல்கத்தாவில் எக் ரோல் என்பது தெருவோரத்தில் கல்லிலிருந்து நேரே கைக்கு வருகிற பலகாரம். பரோட்டாவில் முட்டையை ஒட்டி, வெங்காயம், பச்சை மிளகாய் வைத்து, எலுமிச்சை பிழிந்து சுருட்டிக் கொடுப்பார்கள். வாங்கினவர் நின்ற இடத்திலேயே தின்றுவிடுவார். அது டிபன் பாக்ஸுக்காகப் பிறந்ததே இல்லை. ஆகவே பள்ளிக்கு வேண்டாம். சாயங்காலம் பிள்ளைகள் பையைக் கழற்றி வைத்துக் கைகால் கழுவி வரும்போது சுடச்சுடப் போட்டுக் கொடுங்கள். டியூஷன் நாளென்றால் போவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், வண்டிக்கடை நினைப்பே வராது. மத்தியானத்துக்குப் பழையபடி புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக் கொடுக்கலாம். கும்பகோணம், மன்னார்குடித் தேர் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் கட்டுச்சோறாகப் புளியோதரை எடுத்துப் போனது ருசிக்காக மட்டுமில்லை. புளியின் அமிலத்திலும் உப்பிலும் கிருமி சீக்கிரம் பெருகாது. நம் பாட்டிமார்கள் அனுபவத்தில் கண்டறிந்த உணவுப் பாதுகாப்பு அது.

செய்முறையில் நான் சொல்லவேண்டியது சிலதுதான். ஆளுக்கு 40 கிராம் கோதுமை மாவில் சப்பாத்தி திரட்டி அரை வேக்காடாகப் போட்டு எடுங்கள். தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டு, மிளகும் உப்பும் போட்டு அடித்த ஒரு முட்டையை ஊற்றி, அது இறுகுவதற்குள் சப்பாத்தியை மேலே வைத்து அமுக்குங்கள். தீயைக் குறைத்துத் திருப்பிப் போடுங்கள். முட்டை எங்கேயும் கொழகொழவென்று இருக்கக் கூடாது. 71 டிகிரி சூட்டை எட்டினால் சால்மோனெல்லா நிற்காது, அதற்குள் வெள்ளையும் மஞ்சளும் நன்றாக இறுகியிருக்கும். உள்ளே வைக்கும் கோஸை மட்டும் தயவுசெய்து பச்சையாக வைக்காதீர்கள். மேல் ஏடுகளை உரித்துப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவி, கேரட்டோடு இரண்டு மூன்று நிமிடம் பெரிய தீயில் புரட்டி எடுங்கள். மனிதக் கழிவு கலந்த மண்ணில் விளையும் காய்கறிகளில் நாடாப்புழுவின் முட்டைகள் ஒட்டியிருக்கலாம். அவை உடலுக்குள் போய் மூளையில் கட்டியாகத் தங்கினால் வலிப்பு வரும். மூளைநரம்பு மருத்துவர்கள் பச்சைக் கோஸைக் கண்டு பயப்படுவது இதற்காகத்தான். கழுவினால் குறையும், வேகவைத்தால்தான் சாகும்.

முட்டை ஓட்டைத் தொட்ட கையோடு வெங்காயத்தை அள்ளாதீர்கள், நடுவில் ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாமக்கல்லிலிருந்து வரும் அட்டை முட்டையை வாங்கி வந்ததும் கழுவி அடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, அது போனால் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். அழுக்கு இருந்தால் உடைப்பதற்குச் சற்று முன்னால் கழுவினால் போதும். விரிசல் விட்டதை வாங்கவே வேண்டாம். ரோலைச் சுற்ற நியூஸ் பேப்பர் வேண்டாம், அச்சு மை சாப்பாட்டில் இறங்கும். கொல்லையில் வாழை இருக்கும்போது இலையில் சுற்றுவதை விட வேறென்ன வேண்டும்?

சீன முறைப்படி மடித்து எண்ணெயில் பொரிக்கும் ரோலைத் தீபாவளி, பொங்கல் மாதிரி எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெயில் மறுபடி மறுபடி பொரிப்பதுதான் கெடுதல். சூடேற ஏற எண்ணெய் சிதைந்து, துருவக் கூட்டுப்பொருள்கள் என்ற கெடுபொருள்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. வண்டிக்கடை வாணலியை யார் அளந்து பார்க்கிறார்கள்! அந்தக் கவலையில் நீங்கள் சரியாகத்தான் இருந்தீர்கள்.

கணவருக்கு வருகிறேன். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், 185 மி.கி. கொலஸ்ட்ரால். கொலஸ்ட்ரால் முழுக்க மஞ்சள் கருவில்தான். ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் செய்வது நம் கல்லீரல். அதைக் கூடுதலாகச் செய்யத் தூண்டுவதில் முட்டையை விடப் பாமாயில், டால்டா, நெய் போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்புக்கே பங்கு அதிகம். ‘ஒரு நாளைக்கு 300 மி.கி.க்குள்’ என்றிருந்த பழைய எல்லையை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-20 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். இருந்தாலும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து இருக்கும் என் நோயாளிகளுக்கு வாரம் நான்கு முழு முட்டையோடு நிறுத்தச் சொல்கிறேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் வெள்ளைக் கருவாகச் சாப்பிடலாம்.

அவருக்கு முட்டையை விட மாவைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். மைதாவில் அலாக்சான் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள், அதனால்தான் சர்க்கரை வருகிறது என்று உங்கள் போனுக்கும் செய்தி வந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்க அலாக்சான் ஊசி போடுவது உண்மைதான். பரோட்டா தின்பவருக்கு அந்த வழியாகச் சர்க்கரை வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மைதாவின் உண்மையான குறை எளிமையானது. தவிடு போய்விட்ட மாவு அது. 100 கிராம் கோதுமை மாவில் நார் 11 கிராம், மைதாவில் 3 கிராம்கூட இல்லை. அதனால் சர்க்கரை சர்ரென்று ஏறும். அதற்காகக் கோதுமை என்றால் எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘ராத்திரி சப்பாத்திதான் டாக்டர்’ என்று சொல்லிவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிடுபவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

நான் மேலே சொன்ன அளவில் ஒரு ரோல் ஏறக்குறைய 280 கலோரி வரும். உங்கள் கணவர் அதை ராத்திரிச் சாப்பாடாகச் சாப்பிடட்டும், சாயங்காலப் பலகாரமாக வேண்டாம். ஒரு ரோல், பக்கத்தில் வெந்த காய் அல்லது சுண்டல் ஒரு கிண்ணம், அதோடு சரி, மேலே சோறு கிடையாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. குளுக்கோமீட்டர் இருந்தால் முதல் தடவை சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அவர் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பதை அந்த எண் என்னை விடச் சரியாகச் சொல்லும். சோயா சாஸை அவர் ரோலில் விடவே வேண்டாம். ஒரு டேபிள் ஸ்பூனில் ஏறக்குறைய 900 மி.கி. சோடியம் இருக்கிறது, ஒரு நாள் முழுக்கச் சேர்த்தே 2,000 மி.கி.தான் எல்லை.

மாமியாரிடம் முட்டைக்காக வாதாட வேண்டாம். முட்டை தின்றால் உடல் வெப்பம் ஏறி வாந்தி வரும் என்பதற்கு மருத்துவத்தில் இடமில்லை. சத்துணவில் பள்ளிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஐந்து முட்டை, வெயில் நாளிலும் சாப்பிடுகிறார்கள். ஆனால் வெயில் நாளில் முட்டைப் பலகாரம் சீக்கிரம் கெடும் என்று அவர் பயப்பட்டிருந்தால், அந்தப் பயம் முழுக்க நியாயம். அப்படிச் சொல்லிப் பாருங்கள், அவரும் ஒத்துக்கொள்வார். ரோலோடு ஒரு தம்ளர் மோர் கொடுத்தால் அவர் மனதும் குளிரும்.

மறுபடி வாந்தி வந்தால் பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுதாகக் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கடையில் விற்கும் பழச்சுவை அட்டைப்பெட்டி பானம் அதற்கு ஈடாகாது. எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், பிள்ளை துவண்டு தூங்கி வழிகிறது, குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடுகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடிதம் முழுக்கப் பிள்ளைகளையும் கணவரையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் விரலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அந்த வெட்டு ஆறிவிட்டதா? இன்னும் சீழ் இருந்தால் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆறும் வரை அடுப்படி வேலையைக் கணவரோ மகளோ பார்க்கட்டும். முடியாத நாளில் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், துணி போதாது. காயம் ஆற இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்திருந்தால், போன இடத்திலேயே உங்களுக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.