மிருதங்கத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. 7 வயதிலிருந்து மிருதங்கம் கற்கிறான். இதையே தொழிலாக்கி வெளிநாடுகளில் வாசிக்கவும் சொல்லிக்கொடுக்கவும் போகிறேன் என்கிறான். “கச்சேரி கிடைக்காதவர்கள்தான் வகுப்பு எடுப்பார்கள்” என்கிறார் என் கணவர். அப்படியா?
- ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இல்லை அம்மா. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடரான மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1971-இல் கனடா போய், டொரொன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார். 2011-இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது தந்தது. வகுப்பு எடுத்ததால் அவர் வாசிப்பு ஒன்றும் தேய்ந்துவிடவில்லையே!

என் அனுபவமும் அதுதான். நான் இங்கே 19 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டு வாடகையைக் கட்டுவது வகுப்புதான், அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. “தொப்பியில் ஏன் ரவை ஒட்டுறீங்க சார்?” என்று மிருதங்கத்தின் இடது பக்கத்தைக் காட்டி 8 வயதுக் குழந்தை கேட்டு, அந்தக் கனம் இல்லாவிட்டால் தொம் என்ற ஆழமான நாதம் வராது என்று தட்டிக் காட்டும்போது, என் இடது கை எங்கே சோம்பலாக விழுகிறது என்று எனக்கே தெரிந்துவிடும்.

சரி, நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. இங்கே வளரும் பிள்ளைகள் கோர்வை என்னும் தாளக் கணக்குகளைப் பிரமாதமாக வாசிக்கிறார்கள், ஆதி தாளத்தில் தனி ஆவர்த்தனம் (பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி) 10 நிமிடம் தடுமாறாமல் போகும், ஆனால் எதிரே ஒருவர் விளம்பமாக, அதாவது மெதுவாக, ஒரு கீர்த்தனை பாடினால் எங்கே வாசிப்பது, எங்கே கையை எடுத்துவிடுவது என்று தெரியாமல் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். பக்கவாத்தியம் என்பது பாட்டோடு உட்கார்ந்து உட்கார்ந்துதான் வரும். சென்னையில் அதற்குத் தினம் வாய்ப்பு உண்டு, இங்கே நாம்தான் தேடிப்போக வேண்டும்.

சிஃபாஸ் (சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம்) போன்ற இடங்களில் வாய்ப்பாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு நாள் அவர்கள் வர்ணம் பாடும்போது உங்கள் மகன் கூட வாசிக்கட்டும். அப்புறம் நாட்டிய ஒத்திகைகளுக்கும் போகட்டும், எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் அரங்கேற்றங்களுக்குத்தான், அங்கே பாடகரைவிட ஆடுபவர் காலைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு வருடம் போகட்டும். பிறகு மார்கழியில் உங்கள் கணவரே அவனைச் சென்னைக்கு அழைத்துப்போய், சபாக்களில் காலை முதல் இரவு வரை கூட உட்கார்ந்து கேட்கட்டும். தொழிலா இல்லையா என்ற பேச்சை ஊர் திரும்பியதும் வைத்துக்கொள்ளுங்கள்.