ரியூசன் காசும் தம்பியும்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். அடுத்த வருடம் உயர்தரம், கலைப்பிரிவு. சமூகவியல், குற்றவியல் நீதி, சமூகப்பணி படித்து, வழிதவறிய சிறுவர்களுக்கு உதவ ஆசை. அம்மாவோ, "பொலிஸ், கோடு கச்சேரி என்று திரிகிற வேலை பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு, ரீச்சர் ஆகு" என்கிறார். அப்பா இல்லை. தம்பி ஒரு வழக்கில் அகப்பட்டு எட்டு மாதமாக வெளி மாவட்டத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருக்கிறான். மாதாமாதம் அம்மா அவனைப் பார்க்கப் போவதால் ரியூசன் காசு கட்டவும் பிந்துகிறது. அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: மகள், அம்மா போய்வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போனீர்களா?

எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது போனதாகக் கடிதத்தில் இல்லை. அவனுக்கு என்ன வயது, எப்படி இருக்கிறான், எப்போது வருவான், ஒன்றும் இல்லை. கூடப்பிறந்தவன் உங்கள் கடிதத்துக்குள் வந்தது ரியூசன் காசு பிந்திய கணக்கில் மட்டும்தான். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஊரார் பிள்ளைகளைத் திருத்தப் படிக்கப்போகும் அக்காவுக்காக ஒரு பிள்ளை அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நீங்கள் ஆசைப்படும் வேலை என்னவென்று தெரியுமா? ஒரு சிறுவன் நீதிமன்றத்துக்கு வந்தால் அவன் வீடு, பள்ளிக்கூடம், கூட்டாளிமார் எல்லாம் விசாரித்து நீதவானுக்கு அறிக்கை கொடுப்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலேயே இந்த வேலைக்கு இடம் உண்டு. உங்கள் வீட்டைப் பற்றியும் அப்படி யாரோ எழுதியிருப்பார். அவர் வந்து கதைத்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், அறைக்குள் புத்தகத்தோடா?

அம்மாவுக்கு விளங்காது என்று நினைக்கிறீர்கள். கோட்டு வாசலில் கால்கடுக்க நின்றவர் அவர். அந்த உலகத்தை உங்களைவிட நன்றாக அறிந்ததால்தான் வேண்டாம் என்கிறார். அதற்காக அவர் சொல்வது சரி என்று நான் சொல்லவில்லை. இந்த வேலைக்குத் தமிழ்ப் பெண்கள் கட்டாயம் வேண்டும். சிறுவர்களும் தாய்மாரும் தங்கள் மொழியில் மனம்விட்டுக் கதைக்க ஆள் வேண்டும்.

படிப்புக்கு வழி இருக்கிறது. சமூகவியல் என்றால் வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம். குற்றவியல் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் உண்டு. களப்பயிற்சியோடு சமூகப்பணிப் பட்டம் வேண்டுமென்றால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம். அவர்கள் தனியாக விண்ணப்பம் கோருவார்கள், பத்திரிகையைக் கவனியுங்கள். நன்னடத்தை மாகாணத்துக்கு உரிய விடயம், கிழக்கு மாகாண நிர்வாகம் நடப்பதும் உங்கள் ஊரில்தான். ஆகவே படித்துவிட்டு ஊரிலேயே வேலை தேடலாம்.

அதற்கு முதல் ஒரு மாத ரியூசன் காசைப் பஸ் காசாக்குங்கள். அடுத்த தடவை அம்மா வெளிக்கிடும்போது நீங்களும் கூடப் போங்கள். தம்பியிடம் புத்திமதி ஒன்றும் வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும். பட்டப்படிப்புக் கதையைத் திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடம் எடுங்கள்.