பிடியரிசி நோட்டு

அன்புள்ள ஐயா,

என் பாட்டி சென்ற ஜூலையில் 91ஆம் வயதில் காலமானார். நாசரேத் பக்கம் ஒரு சின்ன ஊர். ஆறு பிள்ளைகள், பதினான்கு பேரப்பிள்ளைகள். சபைப் பெண்கள் சங்கத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவர். முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுவதாக முடிவாகி, எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. "அன்பே உருவானவர், பக்தியில் சிறந்தவர், தன்னலமற்றவர்" என்று ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. எத்தனை பக்கம் இருக்கலாம்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதுவதா? எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவருடைய விசுவாசத்தைப் பற்றி நான் எழுதலாமா? "ஊருக்கெல்லாம் அம்மா, எங்களுக்கு மட்டும் இல்லை" என்று என் அம்மா இன்றைக்கும் குறைப்படுவார். அதை விட்டுவிடலாம்தானே? பீரோவில் பழைய கணக்கு நோட்டுகள் ஒரு கட்டு கிடந்தது, மற்றபடி அவர் எழுதியதாக எதுவும் கிடைக்கவில்லை. வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெ., மும்பை

அன்புள்ள ஜெ.,

எத்தனை பக்கம் என்பதை அச்சகத்தில் கேளுங்கள். ஆங்கிலமா தமிழா என்பதற்கும் நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. பாட்டி உங்களை எந்த மொழியில் திட்டினாரோ அதில் எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானாக வரும். நம்பிக்கை இல்லாதவர் எழுதலாமா என்றால், தாராளமாக. விடியற்காலை எத்தனை மணிக்கு அவர் முழங்காலில் நின்றார், யார் யார் பெயரைச் சொல்லி ஜெபித்தார், அந்த வரிசையில் உங்கள் பெயர் எத்தனையாவதாக வந்தது. இதை எழுத விசுவாசம் எதற்கு? பக்கத்துப் பாயில் தூங்குவதுபோல் கிடந்த ஞாபகம் போதும்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கணக்கு நோட்டு ஒரு கட்டு கிடக்கிறதாம், மற்றபடி எழுத்தாக எதுவும் இல்லையாம். அம்மா, அதுதான் எழுத்து. நீங்கள் தேடிக்கொண்டிருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, அதைக் குப்பையோடு சேர்த்து வைத்துவிட்டு எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்.

என் பெரியம்மையை, அதாவது பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியை ஒட்டின ஊர். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பு மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். காலை ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அது சபைக் கோயிலுக்குப் போகும், அங்கே ஏலம் விடுவார்கள். எங்கள் பக்கம் இதற்குப் பிடியரிசி என்று பெயர், உங்களுக்கும் தெரிந்திருக்கும். முப்பது வீட்டு அரிசி ஒன்றாகச் சேர்ந்தால் புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்துபோகும். கலந்த அரிசியை ஏலத்தில் எவன் எடுப்பான்? பெரியம்மை கோயில் வாசலில் மூன்று ஓலைப்பெட்டி வைத்தாள். ரகத்துக்கு ஒரு பெட்டி. ரேஷன் அரிசியைக் கோழிக்கென்று வாங்கிப்போக ஆள் இருந்தது. அந்த வருஷமே வசூல் ஏறிற்று என்பது அவள் நோட்டிலேயே இருக்கிறது.

அந்த நோட்டில் 1974ஆம் வருஷத்துப் பக்கங்களில் சில தேதிகளுக்கு எதிரே 'சி.கை' என்று எழுதியிருந்தது. ஏதோ சில்லறைக் கைமாற்று என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பெரியம்மையின் கடைசி மகள், எனக்கு அக்காள் முறை, ஒருநாள் விளக்கம் சொன்னாள். மழையில்லாமல் வீட்டில் அரிசி தட்டின மாதங்களில் பெரியம்மை தன் கையால் அள்ளாமல் நாலைந்து வயதுப் பிள்ளையாக இருந்த இவளைக் கூப்பிட்டு அள்ளச் சொல்வாளாம். சி.கை என்றால் சின்னக் கை. ஒருவேளைகூடக் காணிக்கை தவறவில்லை. அளவு மட்டும் பாதியாயிற்று. அதையும் மறைக்காமல் நோட்டில் குறித்திருக்கிறாள், ஆண்டவர் கணக்குக் கேட்டால் காட்டுவதற்கு.

இதைப் "பக்தி" என்று ஒரு வார்த்தையில் எழுதி முடித்துவிடுவீர்களா?

நம் ஊர்ச் சரித்திரத்தையே இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் பணம் வேண்டாம், நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதுதான் அதன் கொள்கை. ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளைக்காரரான அசரியா. 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் முகத்துக்கு நேரே "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டவர். 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். 'நம் பணம்' என்றார்களே, அது எந்த அடுப்பு மூலையிலிருந்து வந்தது? என் பெரியம்மை நோட்டில் மாதக் கடைசியில் 'மிஷனெரி சங்கத்துக்கு' என்று ஒரு வரி தவறாமல் வரும். ஐந்து ரூபாய், ஏழு ரூபாய். எங்கள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டில் கமிட்டிக்காரர்கள் பதினொரு பேர் பெயர், பதவியோடு. மூன்று பெட்டி வைத்தவள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நினைவு அட்டைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஆண் இறந்தால் "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்". பெண் இறந்தால் "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்? அவளுடைய விலை முத்துக்களைப்பார்க்கிலும் உயர்ந்தது". அவனுக்கு ஓட்டம், அவளுக்கு விலை. இத்தனைக்கும் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் அந்த 10ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடாமல் கீழே வாசித்தால், அந்தப் பெண் கம்பளியும் சணலும் தேடுகிறாள், இருட்டோடு எழுந்திருக்கிறாள், வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வியாபாரிக்கு விற்கிறாள். வசனத்துக்கு வசனம் வேலை. அதை ஒருவரும் அட்டையில் போடுவதில்லை. உங்கள் நாலு வரியும் அப்படித்தான் இருக்கிறது. அன்பு, பக்தி, தன்னலமின்மை. ஒரு கிளார்க் ஓய்வு பெற்றால்கூட என்னென்ன வேலை பார்த்தார் என்று பிரிவு உபசாரத்தில் சொல்கிறார்கள். நாற்பது வருஷம் உழைத்த பெண்ணுக்கு "அன்பானவர்" என்று எழுதினால் அவருக்குத் தெரிந்த தொழிலை ஒளித்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பைபிளில், யோப்பா ஊரில் தொற்காள் என்ற பெண் இறந்தபோது என்ன நடந்தது? இயேசுவின் சீஷர் பேதுரு வந்து நின்றார். விதவைகள் அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை எடுத்து அவருக்குக் காட்டினார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று பேசிக்கொண்டிருக்கவில்லை, துணியைக் காட்டினார்கள். நீங்களும் போய்ப் பாட்டியோடு சங்கத்தில் இருந்த கிழவிகளைப் பாருங்கள். ஒருவர் இருவராவது மீதி இருப்பார்கள். ஒரு பொட்டலம் கருப்பட்டியோடு போய்த் திண்ணையில் உட்காருங்கள். அன்பானவரா என்று கேட்காதீர்கள், "ஆமா, தங்கமான மனுசி" என்று முடித்துவிடுவார்கள். அசனத்துக்கு, அதான் கோயிலில் போடும் பொது விருந்துக்கு, எத்தனை கிலோ அரிசி போடுவார் என்று கேளுங்கள், ராத்திரி வரை பேசுவார்கள்.

என் பெரியம்மைக்குக் கிலோவுக்கு எட்டுப் பேர் கணக்கு. அசனத்தன்று காலை ஆராதனையில் கடைசி வரிசையில் நிற்பாள். சபை முழுக்கக் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவள் மட்டும் கண்ணைத் திறந்து தலையை எண்ணுவாள். எண்ணி முடித்துப் புறவாசல் வழியாகப் போய், இன்னும் இரண்டு அண்டா வை என்பாள். ஓலைப்பாயில் குவித்த சோறு அவள் காலத்தில் பற்றாமல் போனதும் இல்லை, மறுநாள் மாட்டுக்குக் கொட்டினதும் இல்லை.

சரி, உங்கள் அம்மாவின் குறை. விடாதீர்கள், எழுதுங்கள். அதே அக்காள்தான், 'சின்னக் கை'. ஒன்பது வயதில் ஒரு அசனத்தன்று காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். பெரியம்மை முந்தின ராத்திரியிலிருந்து கோயில் அடுப்படியில். பக்கத்து வீட்டுப் பெண்தான் கஞ்சி கொடுத்திருக்கிறாள். ஐம்பது வயதுக்கு அப்புறமும் அக்காள் சொல்வாள்: "கோயிலுக்கு அரிசி அள்ள என் கை வேணும். என் நெத்தியில ஒரு கை வச்சிப் பாக்க அவளுக்கு நேரமில்ல, பாத்துக்கோ." பெரியம்மையின் நினைவு மலரில் நான் அதைப் போடவில்லை. அப்போது எனக்கும் உங்கள் வயதுதான், குடும்ப மானம் என்று பயம். மலர் கையில் வந்ததும் அக்காள் இரண்டு தடவை புரட்டினாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இது யாரு?" என்று கேட்டாள்.

அப்புறம், அந்த நோட்டுகள். வீட்டை ஒழிக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தில் போன வாரத்துத் தேதி இருக்கிறது. பழைய பேப்பர்காரர் இன்னும் வரவில்லையே? இதைப் படித்ததும் ஊருக்கு ஒரு போன் போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.