ரொட்டி வராத ரயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1863-ல் சான்சலர்ஸ்வில்லில் தன்னைவிட இரு மடங்கு பெரிய படையை பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீ பின்வாங்க வைத்தார். ஆளும் பொருளும் குறைந்த தரப்பை ஒரு மேதைத் தளபதியால் ஜெயிக்க வைக்க முடியுமா? லீயின் வலதுகையான ஸ்டோன்வால் ஜாக்சன் சாகாமல் இருந்திருந்தால்?

ர.

அன்புள்ள ர.,

ஜாக்சனை விட்டுவிடுவோம். செத்தவர்களை எழுப்பி வந்து போரை மறுபடி நடத்துவது விடலைப் பருவத்து விளையாட்டு. நானும் ஆடியிருக்கிறேன். சான்சலர்ஸ்வில் அபாரமான வெற்றிதான். ஆனால் அங்கே சுமார் 60,000 பேரில் 13,000 பேரை லீ இழந்தார். இன்னும் நாலு தடவை அப்படி ஜெயித்திருந்தால் ஜெயிக்க ஆளே மிஞ்சியிருக்காது.

என்னைச் சீண்டியது வேறு. ஆளையும் பொருளையும் மழை வெயில் மாதிரி, தளபதிக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக எழுதுகிறீர்கள். இது உங்கள் யோசனை இல்லை. சரணடைந்த மறுநாள், எதிரியின் எண்ணிக்கைக்கும் வளத்துக்கும் பணிய நேர்ந்தது என்று லீ தன் படைக்கு விடை கொடுத்தார். தோற்றவர் சொன்ன சமாதானத்தை இன்னமும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

என் மாமா ராணுவத்தில் சப்ளைப் பிரிவில் இருந்தார். லீவில் வந்தால் போர்க்கதை கேட்போம். அவர் மாவு மூட்டை, லாரி டயர், உடைந்த பாலம் என்று ஆரம்பிப்பார். நாங்கள் நழுவிவிடுவோம். "பசங்களுக்கு சுட்டவன் கதைதான் வேணும்" என்று ஒருநாள் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் போய்ப் பல வருடம் கழித்துத்தான் மூட்டைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

தெற்கில் சோளம் விளைந்தது. தெற்கின் ஆயுதத் துறைத் தலைவர் ஜோசையா கோர்கஸ் வெடிமருந்து ஆலைகளைக் கிட்டத்தட்ட வெறுங்கையோடு எழுப்பிக் காட்டினார். விளைந்ததைத் தின்னும் வாய்க்குக் கொண்டுசேர்ப்பதுதான் நடக்கவில்லை. தண்டவாளங்கள்கூட எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் இல்லை. தளபதிகளின் வாழ்க்கை வரலாற்றை மூடிவைத்துவிட்டு முதலில் ஒரு ரயில்வே வரைபடத்தை எடுங்கள்!

அப்புறம், தெற்கின் 90 லட்சம் பேரில் சுமார் 35 லட்சம் பேர் அடிமைகள். 'பொருள்' கணக்கில் வைக்கப்பட்டவர்கள். அந்தப் பொருளுக்குக் கால் இருந்தது. 1862 மே 13 விடியலில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து பிளான்டர் என்ற கப்பலைப் பீரங்கிகளோடு ஓட்டிப்போய் வடக்குக் கடற்படையிடம் ஒப்படைத்தார். எந்த மேதை இதற்கு வியூகம் வகுப்பார்?

1865 ஏப்ரல் 4. லீயின் படை பட்டினியோடு அமீலியா கோர்ட் ஹவுஸ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தது. உணவு காத்திருக்கும் என்று நம்பி வந்தார்கள். ரயில் பெட்டிகளில் இருந்தது வெடிமருந்து. ஐந்து நாள் கழித்து லீ சரணடைந்ததும், அவருடைய ஆட்களுக்கு வடக்கின் தளபதி கிராண்ட் 25,000 பேருக்கான சாப்பாட்டை அனுப்பினார். கிராண்ட் அந்தக் காலத்தில், மெக்சிகோ போரில், தன் ரெஜிமென்டுக்கு என் மாமா பார்த்த வேலையைப் பார்த்தவர்.