வசிய மருந்தும் ஒட்டுப்பாலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் இங்கே மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமை காலையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதை நேரம் நடத்துகிறேன். இந்த ஆண்டு ஹாரி பாட்டர் கதைகளைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லி வருகிறேன். ஆறாவது நாவலில் வரும் மருந்து வகுப்பைச் சொன்ன மறுவாரம் ஓர் அம்மா வாசலிலேயே மடக்கிவிட்டார். "மருந்து வைக்கிறதையெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்களாமே டீச்சர்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கதை நேரத்தை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று. நம் ரப்பர் தோட்டத்தையே களமாக வைத்து ஒரு மாயக்கதை எழுதுகிறேன். மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். அதில் மருந்துகள் மட்டும் ஒட்டாமல் நிற்கின்றன. ஏன் என்று தெரியவில்லை.

கடைசியாக விளையாட்டுக்கு ஒரு கேள்வி. அமோர்டென்ஷியா என்ற அந்த வசிய மருந்து, முகர்கிறவருக்கு எதுவெல்லாம் பிடிக்குமோ அந்த வாசமாக வீசும் அல்லவா? உங்களுக்கு என்ன வாசம் வீசும்?

பெயர் போட வேண்டாம் ஐயா, சின்ன ஊர்.

*

அன்புள்ள டீச்சர்,

கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அந்த அம்மாவை நினைத்து இல்லை, அந்தச் சொல்லை நினைத்து. நீங்கள் பிள்ளைகளிடம் 'மருந்து' என்றுதான் சொல்லியிருப்பீர்கள். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் நம் பக்கத்தில் கிளினிக்கில் தருவதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து, தீபாவளி வெடிக்குள் இருப்பதும் மருந்து. சோற்றில் கலந்து ஒருவனை மயக்குவதாகச் சொல்வார்களே, அதுவும் மருந்துதான். அந்த அம்மா காதில் கடைசி மருந்து விழுந்திருக்கிறது. அவர் மேல் தப்பில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு மருந்துக் கதை நடந்தது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போகிறவர். அடுத்த டிவிஷன் பெண் ஒருத்தி மேல் ஆசைப்பட்டுச் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். அவருடைய அம்மாவுக்கு அது காதலாகத் தெரியவில்லை. "என் பிள்ளைக்குச் சோத்துல மருந்து வச்சிட்டா" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் மருந்து எடுக்கிற பாட்டி ஒருவரை வேறு தோட்டத்திலிருந்து கூட்டி வந்தார்கள்.

நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தொங்கினோம். பாட்டி ஒரு சின்னக் குழலை அண்ணன் வயிற்றில் வைத்து உறிஞ்சினார். கொஞ்ச நேரத்தில் வெண்கலத் தட்டில் ஏதோ துப்பினார். கறுப்பாக, விரல்நுனி அளவு, பிசுபிசுப்பாக ஒரு கட்டி. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ அந்த நாற்றம் நன்றாகத் தெரியும். அம்மாவோடு மரத்துக்கு மரம் போய் பால் வடியும் கிண்ணமான மங்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலை உரித்துச் சாக்கில் போடுவது என் வேலை. "ஒட்டுப்பால்மா அது!" என்று கத்திவிட்டேன்.

விழுந்த அறை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடித்தது என் அம்மா.

அந்த அண்ணன் அந்தப் பெண்ணையேதான் கட்டிக்கொண்டார். இன்றைக்கு அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மருந்து எடுத்தும் ஆசை போகவில்லை பாருங்கள். 'வேர் உள்ளே தங்கிவிட்டது' என்று அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நாவலுக்கு வருவோம். 2005இல் வந்த அந்த ஆறாவது நாவலில் ஸ்லக்ஹார்ன் என்ற ஆசிரியர் வசிய மருந்தைக் கொப்பரையில் காட்டுகிறார். முத்துச்சிப்பி போல மினுங்கும், ஆவி சுருள்சுருளாக எழும். அதைக் காட்டிவிட்டு அவர் சொல்லும் விஷயத்தைத்தான் அந்த அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டும்: இந்த மருந்தால் காதலை உண்டாக்க முடியாது, வெறியை மட்டும்தான் உண்டாக்க முடியும், இந்த அறையிலேயே ஆபத்தானது இதுதான். மருந்து வைக்கக் கற்றுத்தருகிற வகுப்பு இப்படியா பேசும்?

ஆனாலும் அந்த அம்மாவின் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே நாவலில் இரட்டைச் சகோதரர்களின் வேடிக்கைக் கடையில் வசிய மருந்து பெண்பிள்ளைகளுக்குப் பகிரங்கமாக விற்பனையாகிறது. பையனின் எடையையும் பெண்ணின் அழகையும் பொறுத்து இருபத்து நான்கு மணி நேரம்வரை வேலை செய்யும் என்று விளம்பரம் வேறு. ஒரு பெண் ஹாரிக்காக மருந்து கலந்து கொடுத்த சாக்லேட்டை அவன் நண்பன் ரான் தின்றுவிட்டு, பேசிக்கூடப் பழகாத அந்தப் பெண்ணுக்காக உருகுகிறான். சாக்லேட் மாதக்கணக்கில் கிடந்ததால் மருந்து ஏறிப்போயிருந்தது. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். இதே புத்தகத்தில்தான் மெரோப் என்ற ஏழைப் பெண், பக்கத்துப் பணக்காரனுக்கு வசிய மருந்து கொடுத்துக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஊகிக்கிறார். ஒரு கட்டத்தில் கொடுப்பதை அவள் நிறுத்தியிருப்பாள் என்றும் சொல்கிறார். அவன் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவள் பிள்ளையைப் பெற்றுவிட்டுச் சாகிறாள். அந்தப் பிள்ளைதான் கதையின் வில்லன் வோல்டமார்ட். ஒரே மருந்து, ஓர் அத்தியாயத்தில் வேடிக்கை, இன்னொன்றில் இழவு. இரண்டும் ஒன்றுதான் என்று நாவலாசிரியர் எங்கேயும் நின்று சொல்வதில்லை. என் கணக்கில் அது அந்த நாவலின் ஒரு குறை. நீங்கள் கதை சொல்லும்போது இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் சொல்லுங்கள். சிரித்து முடித்த கையோடு மெரோப் வரட்டும். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: அங்கேயும் மருந்து வைக்கிறவள் பெண்தான், எங்கள் லயத்தில் பழி விழுந்ததும் பெண் மேல்தான். ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்வார்கள், நீங்கள் சொல்லவே வேண்டாம்.

கதை நேரத்தை நிறுத்தாதீர்கள். அந்த அம்மாவையும் ஒரு நாள் உட்காரச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் அத்தியாயங்கள். தோட்டம் நன்றாக வந்திருக்கிறது. பிரட்டுக் களத்தில் இருட்டோடு பெயர் கூப்பிடும் இடமும், ஆயாக் கொட்டகைத் தூளியும் எழுதக் கற்றவரின் எழுத்து. ஆனால் மருந்து வந்ததும் கை நடுங்குகிறது. உங்கள் நாயகி 'ரூபாந்தர சஞ்சீவித் திரவம்' குடிக்கிறாள், உடனே கிராணியாக, அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவாக, மாறுகிறாள், வேண்டியபோது திரும்புகிறாள். பெயர் ஒரு முழம் இருக்கிறது. சரக்கு என்ன, காய்ச்ச எத்தனை நாள், எப்போது தீரும், குடித்தால் எங்கே வலிக்கும், எதுவுமே இல்லை. மருந்து ஒட்டாததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் பார்த்து எழுதியிருக்கும், ஆளையே மாற்றும் பாலிஜூஸ் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்ச ஒரு மாதம் ஆகும். அதற்குள் போகும் ஒரு வகைப் பூச்சியை இருபத்தொரு நாள் வேகவைக்க வேண்டும். ஒரு செடியைப் பௌர்ணமியில் பறிக்க வேண்டும். அட்டை, பாம்புத்தோல், கடைசியில் யாராக மாற வேண்டுமோ அவருடைய மயிர். இவ்வளவு பாடுபட்டுக் குடித்தால் ஒரு மணி நேரம்தான். ஹாரியின் தோழி ஹெர்மயனி எடுத்த மயிர் பூனையுடையதாகப் போனதால் வாரக்கணக்கில் பூனைமுகத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அந்த ஒரு மணி நேரம் இருப்பதால்தான் நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம். ஓநாயாக மாறும் ஆசிரியருக்கான மருந்தும் அப்படித்தான். பௌர்ணமிக்கு முந்தைய வாரம் முழுக்கக் குடிக்க வேண்டும், குமட்டும், சர்க்கரை போட்டால் வேலை செய்யாது. அந்தச் சர்க்கரையைப் படித்ததும் நான் நம்பிவிட்டேன். நம் பாட்டிகளின் கசாயத்திலும் இப்படி ஒரு பத்தியம் இருக்கும்.

உங்கள் கதையிலும் ஒரு மணி நேரம் வையுங்கள். நாயகி கிராணியாக மாறிச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அம்மாவின் பெயரைத் திருத்த ஆபீசுக்குப் போகிறாள். வெளியே பால் நிறுக்கும் மணி அடிக்கிறது. தராசில் நிறை எழுதக் கிராணியைத்தான் கூப்பிடுவார்கள். இருநூறு பேர் காண்டா வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். கையில் இன்னும் ஏழு நிமிடம். போதுமே!

மருந்துக் கூடத்துக்கும் எங்கேயும் அலைய வேண்டாம். ரப்பர் பாலை உறையவைக்கும் தோட்டத்து ஸ்டோரே மருந்துக் கூடம்தான். என் அப்பா அங்கே வேலை பார்த்தார். பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றுவார்கள். மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டு ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கேற்பத் தண்ணீர் சேர்ப்பார்கள். அப்புறம் பார்மிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றிக் கிளறுவார்கள். நுரையை வழித்துவிட்டு அலுமினியத் தகடுகளைச் சொருகுவார்கள். மறுநாள் காலையில் தவ்ஃபூ மாதிரி வெள்ளைப் பாளமாக நிற்கும். ஆசிட் குறைந்தால் உறையாது, கூடினால் ரப்பர் ஷீட் கெட்டுப்போகும். வாளியைக் கழுவாமல் கொண்டுவந்தால் ஸ்டோருக்கு வருமுன்பே பால் திரிந்துவிடும். அப்பா ஆசிட் ஊற்றும்போது யாரோடும் பேசமாட்டார். அந்த ஆசிட் சில எறும்புகளின் விஷத்திலும் இருக்கிறது என்று பின்னாளில் பள்ளியில் படித்தேன். நாவலில் ஸ்னேப் என்ற மருந்து வாத்தியாரைப் படித்தபோது, அவரை நான் முன்பே பார்த்துவிட்டது போல இருந்தது.

அந்த ஸ்னேப் முதல் வகுப்பில் கேட்கும் மூன்று கேள்விகளை நம் ஊர் நாட்டு மருந்துக் கடையிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒன்றில் வரும் எட்டிக்கசப்பான செடி நம் மாசிபத்திரிக்குச் சொந்தக்காரன். இன்னொன்றில் வரும் அகோனைட் நம் வச்சநாபியின் குடும்பம். கொடிய விஷம். சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். மூன்றாவது, ஆட்டின் வயிற்றில் கிடைக்கும் பெசோவர் கல், பெரும்பாலான விஷங்களுக்கு முறி. ரானை ஒருமுறை அதுதான் காப்பாற்றுகிறது. பேரே பாரசீகத்தில் விஷமுறி என்பதிலிருந்து வந்தது. மாட்டின் பித்தப்பையில் விளையும் கோரோசனையைக் குழந்தைகளுக்கு உரைத்துப் புகட்டுவார்களே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். நம் நாட்டில் முள்ளம்பன்றி வயிற்றுக் கல்லுக்கு இன்றும் கிராக்கி, அதனாலேயே அந்தப் பிராணிக்கு ஆபத்து. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பதினாறாம் நூற்றாண்டில் ஆம்ப்ரோஸ் பாரே என்ற பிரெஞ்சு வைத்தியர், மரண தண்டனை பெற்ற சமையல்காரன் ஒருவனுக்கு விஷத்தோடு இந்தக் கல்லைக் கொடுத்துச் சோதித்தார். அவன் சில மணி நேரம் துடித்துச் செத்தான்.

இதை ஏன் சொல்லச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் நிஜமாகவே மருந்துக்கு நடுவில் வளர்ந்தவர்கள். என் அம்மா ஒட்டுப்பால் வேலைக்குப் பிறகு மருந்தடிக்கும் கும்பலில் சேர்ந்தார். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. நீல நிறம். முதுகில் டின், வெறுங்காலோ ஓட்டை பூட்ஸோ. மிச்சத்தை ஆரஞ்சு பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைத்திருந்த வீடுகள் உண்டு. அதற்கு முறிமருந்தே கிடையாது. 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. நாவலில் லேபிள் இல்லாத பாட்டிலை எடுத்துக் குடிக்கிற இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த நீலம்தான் தெரியும்.

ஃபெலிக்ஸ் ஃபெலிசிஸ் என்ற அதிர்ஷ்ட மருந்தையும் உங்கள் கதையில் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வையுங்கள், ஆனால் நம் ஊரில் அதைக் குடித்தவன் நேரே நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குத்தான் போவான். அதையும் எழுதுங்கள். நாவலில் எனக்குப் பிடித்தது அந்த மருந்து ஊற்றப்படாத இடம்தான். ஆட்டத்துக்கு முன் ரானின் பானத்தில் ஹாரி ஊற்றுவது போலப் பாவனை மட்டும் செய்கிறான். ரான் குடித்துவிட்டதாக நம்பி அன்றைக்கு ஒரு பந்தையும் விடாமல் பிடிக்கிறான்.

உங்கள் கடைசிக் கேள்வி. ஹாரிக்கு இனிப்புப் பலகாரமும் துடைப்பக்கட்டை மரமும் மணத்தன. எனக்கு முதலில் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை வாசம் வரும். அப்பா சட்டையில் ஞாயிற்றுக்கிழமைகூட அது போகாது. இரண்டாவது, மழை விட்டதும் ஜெராய் மலைப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்று. மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. ஹெர்மயனியும் மூன்றாவதைச் சொல்ல வந்து முகம் சிவந்து நிறுத்திக்கொண்டாள். எனக்கும் அதே நிலைமை, இந்தப் பக்கத்தை வீட்டுக்காரி தினமும் படிக்கிறாள்.

அன்புடன்.