கம்ப்யூட்டர்ல வாள் செய்ற பையனும் அவங்க அம்மா கேட்ட கேள்வியும்

வணக்கம்மா. ப்ளஸ் டூ பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு கேமுக்கு வாள் செஞ்சிட்டு இருக்கான், அகாடமில லட்சக்கணக்குல ஃபீஸ் கேக்கறாங்க கட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. இப்ப கட்டாதீங்க. அவனையும் நிறுத்தாதீங்க, அந்த ரெண்டு மணியை மட்டும் பதினொண்ணாக்குங்க.

நீங்க அனுப்பின படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். கை ஓடுது பையனுக்கு, டிராகன் தலை, நீலக்கல்லு எல்லாம் அழகா வந்திருக்கு, ஆனா அலகு ஒரு சாண் அகலம், ஆள் உசரம், அதைத் தூக்க பீமன்தான் வரணும். ஐரோப்பால நெஜமாவே சண்டைக்குப் போன ரெண்டு கை வாளுங்கள்ல நெறைய ஒன்றரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும், பிடிக்குப் பக்கத்துல அஞ்சாறு மில்லிமீட்டர் தடிமனா ஆரம்பிச்சு நுனிக்குப் போகப்போக மெலிஞ்சுட்டே போகும். நடுவுல ஓடுற பள்ளம் ரத்தம் வழியறதுக்குன்னு பசங்க அடிச்சு சொல்லுவாங்க, அதெல்லாம் கதை, விறைப்பு போகாம எடையைக் குறைக்கத்தான் அது. கற்பனை வாள்தானே எப்படி வேணா இருக்கலாமேன்னு தம்பி கேப்பான். இருக்கலாம், நீலக்கல்லு மந்திரத்துல எரியட்டும், ஆனா மத்ததெல்லாம் கொல்லன் பட்டறைல இருந்து வந்த மாதிரி இருந்தாத்தான் அந்தக் கல்லையும் நம்பத் தோணும்.

அடுத்தது பளபளப்பு. வாள் முழுக்க எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஒரே மினுமினுப்பு. வீட்ல பழைய இரும்பு அரிவாள்மணை இருந்தா எடுத்து அவன் டேபிள்ல வைங்க. சாணை பிடிச்ச விளிம்பு மட்டும் வெள்ளையா மின்னும், அதுக்கு மேல கருப்பு, தண்ணி தங்கற மூலைல துரு, கட்டைல கால் பட்டு பட்டு வழவழன்னு ஆன ஒரு இடம். எங்க மினுக்கு எங்க சொரசொரப்புன்னு குறிச்சு வாள் மேல போத்தற படம்தான் ரஃப்னஸ் மேப். துரு இரும்புல வந்தாலும் அது உலோகக் கணக்குல சேராது, எது உலோகம் எது இல்லன்னு வெள்ளை கருப்புல காட்டற மெட்டாலிக் மேப்ல அந்த இடம் கருப்பா இருக்கணும், இதுலதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க.

அப்புறம், கம்ப்யூட்டர்ல இந்த உருவமெல்லாம் குட்டிக்குட்டி முக்கோணத்தை ஒட்டிச் செய்றதுதான். பிடில சுத்தின தோல் வாருக்கு மட்டும் எத்தனை முக்கோணம் போட்டிருக்கான்னு கேளுங்க, முழிப்பான் பாருங்க. கேம் அந்த வாளை செகண்டுக்கு 60 தடவை வரையணும்மா. அதனால மொதல்ல முக்கோணத்தை அள்ளிப் போட்டு நுணுக்கமா ஒண்ணு செஞ்சு (ஹை பாலி), அந்த மேடு பள்ளத்தையெல்லாம் நார்மல் மேப்ங்கற ஒரு படமா மாத்தி (இதைத்தான் பேக் பண்றதும்பாங்க), சில ஆயிரம் முக்கோணம் மட்டும் இருக்கிற லோ பாலி வாள் மேல ஏத்தணும். வேலைக்கு எடுக்கறவங்க டிராகன் தலையை ரசிச்சுட்டு உடனே வயர்ஃப்ரேமைத்தான் கேப்பாங்க, அதாவது அந்த முக்கோணமெல்லாம் கோடு கோடா தெரியற படம்.

இதெல்லாம் கத்துக்க ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் போதும், காசே இல்ல. அகாடமி எல்லாமே மோசம்னு சொல்ல வரல, ஆனா என்கிட்ட வந்த ஒரு பையன் ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டி முடிச்சு காட்டின வாளும் அவன் கூடப் படிச்சவன் காட்டின வாளும் ஒரே டுடோரியல் வாள், கல்லு கலர் மட்டும்தான் வேற. பாக்கறதுக்கு நெஜப் பொருள் வேணும்னா ஒரு நாள் எழும்பூர் மியூசியம் கூட்டிட்டுப் போங்க, தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக்கிடங்குல இருந்து வந்ததெல்லாம் அங்க இருக்கு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் 2017ல இருந்து லட்சக்கணக்கான படங்களை ஃப்ரீயா விட்டிருக்கு, வாள் படமும் அதுல கெடக்கு.

வேலை இருக்கான்னா, இருக்கு, பெரும்பாலும் பெங்களூர், புனே பக்கம், வெளிநாட்டு கேமுக்கு அவுட்சோர்ஸ் வேலை. 1997ல பெங்களூர்ல ஆரம்பிச்ச துருவா இன்டராக்டிவ்ங்கற கம்பெனி இப்படித்தான் வளந்துச்சு, 2019ல அதை ஜிடிஏ கேம் செய்ற ராக்ஸ்டார் வாங்கிடுச்சு. ஆனா ஆரம்ப சம்பளத்துல ஐடி ஃப்ரெஷரைத் தாண்டுவான்னு கணக்கு போடாதீங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சா ஆளைக் குறைக்கறதும் உண்டு, ஏஐ வேற வந்து நிக்குது. அதனால டிகிரி கட்டாயம் வேணும். என்ஐடி டிசைன் நுழைவுத்தேர்வுக்கு எந்த குரூப் எடுத்திருந்தாலும் அப்ளை பண்ணலாம். (இன்ஜினியரிங் என்ஐடி இல்லம்மா, இது அகமதாபாத் டிசைன் இன்ஸ்டிட்யூட்.)

இப்போதைக்கு பரீட்சை முடியட்டும். அதுக்கப்புறம் ஆறு வாரம், ஒரே ஒரு வாள், மொதல்ல இருந்து. ரெண்டாவது வாரமே போரடிச்சு வேற எதுக்காவது தாவினான்னா உங்க லட்சம் மிச்சம். முடிச்சான்னா எனக்கு அனுப்பச் சொல்லுங்க, வயர்ஃப்ரேமோட. அது இல்லாம வந்தா நான் பாக்க மாட்டேன்னும் சொல்லிடுங்க.